இறங்கும்போது அழுத வண்டி

தேனியிலிருந்து மேற்கே எந்தச் சாலையில் போனாலும் சரி, கொஞ்ச தூரத்தில் மலை வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கும். "வா, ஏறு பார்க்கலாம்!" என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஏறுவதற்கு மூன்று வாசல்கள் முக்கியமானவை. போடிநாயக்கனூரைத் தாண்டிப் போடிமெட்டு, கம்பத்துக்கு மேலே கம்பம்மெட்டு, லோயர் காம்பைக் கடந்தால் குமுளி. மூன்றும் உங்களைக் கேரளத்து இடுக்கி ஜில்லாவில் கொண்டுபோய் விடும்.

விடியற்காலையில் போடிக்கு அப்பால் முந்தல் என்ற மலையடிவாரத்தில் நின்றால் ஒரு காட்சி பார்க்கலாம். ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றிலும் பெண்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குச் சட்டி. ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து இப்படித் தினமும் மலை ஏறிப் போய், சாயங்காலம் இறங்கிவிடுகிறார்கள். பத்துப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஏற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. போலீஸாரும் அவ்வப்போது நிறுத்திப் பிடிக்கிறார்கள். ஆனாலும் ஜீப்புகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பள்ளத்தில் உருண்ட ஜீப்புகளைப் பற்றிய செய்தியும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த ஜீப் உங்களைத் தாண்டிப் போன பிறகு, பின்னாலிருந்து கொஞ்சம் குனிந்து பாருங்கள். இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே ஒரு சின்னப் பூசணிக்காய் அளவுக்கு இரும்பு உருண்டை ஒன்று தெரியும். அதற்குப் பெயர் 'டிஃபரன்ஷியல்'. பட்டறைக்காரர்கள் அதற்குள்ளிருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பெயரால் 'கிரவுன்' என்றே சொல்லிவிடுவார்கள். இந்தப் பூசணிக்காயைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். மோட்டார் விஷயம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது ஆண்களைவிடப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

* * *

என் பெரியம்மாவின் மகன் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறார். அண்ணனுக்கு நெடுநாளாக ஒரு பெரிய வண்டி மேல் ஆசை. சாதாரண வண்டி அல்ல. நாலு சக்கரமும் இழுக்கிற, கம்பீரமான அயல்நாட்டுச் சொகுசு வண்டி. புதிதாக வாங்கினால் எண்பது லட்சத்துக்குக் குறையாது. எட்டு வருஷம் ஓடிய வண்டியோ இருபது லட்சத்துக்குள் கிடைக்கிறது! அதற்குமேல் யாரால் மனத்தை அடக்கமுடியும்? வாங்கிவிட்டார். தோல் ஸீட்டு என்ன, வானத்தைப் பார்க்கக் கண்ணாடிக் கூரை என்ன! "ஒரே சொந்தக்காரர் ஓட்டியது, கம்பெனியிலேயே ஸர்வீஸ் ஆனது" என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறைதான்.

அந்த வண்டியில்தான் நாங்கள் போடிமெட்டு ஏறினோம். அண்ணன் ஓட்ட, பக்கத்தில் அண்ணி. பின்னால் பெரியம்மாவும் நானும்.

முந்தலிலிருந்து மேலே போக, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துப் புளியமரமும் வெக்கையும் எந்த வளைவில் நம்மைவிட்டுப் போயின என்று தெரியாது. திடீரென்று காற்று சில்லென்று முகத்தில் அடிக்கும். புலியூத்து அருவியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் வண்டிகள் தாமாகவே நின்றுவிடுகின்றன. கீழே திரும்பிப் பார்த்தால் போடி ஊர் முழுவதும் யாரோ கோலப்பொடியைத் தூவினாற்போல் கிடக்கிறது. உச்சிக்குப் போகும்போது நாலாயிரம் அடிக்கு மேல் வந்துவிடுகிறோம். அப்பால் ஏலக்காய் வாசனை. அதற்கும் அப்பால் மூணாறு.

ஏறும்போது வண்டி அரசகுமாரி மாதிரி வந்தது. பெரியம்மா மட்டும் இரண்டொரு தடவை, "கிளம்பும்போது அடியில் 'டக்' கென்று ஏதோ இடிக்கிறதே?" என்றாள். "பெரிய வண்டி அம்மா. அப்படித்தான் இருக்கும்" என்றார் அண்ணன்.

சாயங்காலம் இறங்கினோம். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. குறைந்த கியரில் போட்டு, இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். அண்ணன் அப்படித்தான் இறங்கினார். நாலாவது வளைவு தாண்டியதும் பின் பக்கத்தில் மெல்லிசாக ஒரு ஓலம் கேட்டது. 'ஊஊ...' என்று, தூரத்தில் யாரோ சங்கு ஊதுகிற மாதிரி.

"ஏண்டா, வண்டி அழுகிறதே!" என்றாள் பெரியம்மா.

அண்ணனுக்குக் கேட்கவில்லை. டயர் சத்தம் என்று அபிப்பிராயப்பட்டார். அண்ணி, பாட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்தாள். "பாட்டை நிறுத்து!" என்று பெரியம்மா ஒரு அதட்டல் போட்டாள். பாட்டு நின்றதும் அண்ணன் முகம் மாறியது.

முந்தலில் வந்து டீக்கடை முன் நிறுத்தினோம். தோட்டத்திலிருந்து திரும்பிய ஜீப் ஒன்றும் அங்கே நின்றது. பெரியம்மா எப்போதும் எல்லாருடனும் பேசுகிறவள். விஷயத்தை அந்தப் பெண்களிடம் சொன்னாள். அவர்களில் மூத்தவள் சிரித்துக்கொண்டே, "எங்க வண்டியும் போன மாசம் இப்படித்தாம்மா அழுதுச்சு. நாங்கதான் டிரைவருகிட்ட சொன்னோம். முன்னாடி உக்காந்திருக்கவருக்கு எப்படிக் கேக்கும்? அது எங்க காலுக்குக் கீழயில்ல இருக்கு!" என்றாள்.

இப்போது தெரிகிறதா, பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி என்று ஏன் சொன்னேன் என்று? வண்டி ஓட்டுகிறவருக்கு முன்னால் இருப்பது இஞ்சின். நம் குடும்பங்களில் பெரும்பாலும் பின் ஸீட்டு யாருக்கு? அம்மாவுக்கு, பாட்டிக்கு, கைக்குழந்தையை வைத்திருக்கிறவளுக்கு. அந்த இரும்புப் பூசணிக்காய் சரியாக உங்கள் ஸீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. அது முனகினால் முதலில் கேட்பது உங்களுக்குத்தான்.

* * *

அது முனகுவானேன்? அதற்கு, அது செய்கிற வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இஞ்சினுடைய பலம் ஒரு நீளமான தண்டின் வழியாகச் சுழன்றுகொண்டு பின்னால் வருகிறது. அதன் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம், அதுதான் 'பினியன்'. அது பெரிய பல்சக்கரமான கிரவுனைச் சுற்றுகிறது. நீளவாட்டில் வந்த சுழற்சி அங்கே குறுக்குவாட்டில் திரும்பிப் பின் சக்கரங்களுக்குப் போகிறது. கிரவுனோடு சேர்ந்த கூட்டுக்குள் இன்னும் சில சின்னப் பல்சக்கரங்கள் உண்டு. வித்தையெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது.

கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் சுற்ற வேண்டும். உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் சுற்றினால் போதும். இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முழுசாக ஒரு வளைவு திரும்புவதற்குள் வெளிச் சக்கரம் சுமார் 5 மீட்டர் அதிகமாக ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டியிருந்தால் ஒன்று சாலையில் தேய்த்துக்கொண்டு இழுபடும். மாட்டு வண்டிக்கு இந்தத் தொந்தரவு இல்லை. அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன. இழுப்பது மாடு, சக்கரம் அல்ல. சக்கரத்தையே இழுக்கச் சொன்ன பிறகுதான் சிக்கல் வந்தது. 1820களின் கடைசியில் பிரான்ஸ் தேசத்தில் பெக்கர் என்ற கடிகாரக்காரர் நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்கு வழி கண்டுபிடித்தார். கடிகாரம் செய்கிறவருக்குப் பல்சக்கரத்தோடு பழக்கம் அதிகம் அல்லவா?

பெரியம்மாவுக்கு இதை நான் விளக்கியபோது அவள் பாதியிலேயே, "பிணையல் மாடு மாதிரி என்று சொல்லேன்!" என்றாள். அதைவிட நன்றாக என்னால் சொல்லமுடியாது. களத்தில் போரடிக்க மாடுகளைப் பிணைத்துச் சுற்ற விடுகிற நாளில், உள்பக்கம் கிழ மாட்டைக் கட்டுவார்கள். அது நின்ற இடத்திலேயே மெள்ளத் திரும்பும். வெளிப்பக்கம் இளங்காளை ஓடும். ஒரே கயிறு, ஆனால் அவரவர் வேகம் அவரவருக்கு. மலைச் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் உள் மாடும் வெளி மாடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் வித்தியாசம்.

* * *

மறுநாள் காலை, டீக்கடையில் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு தேனிக்குப் பக்கத்தில் ஒரு பட்டறைக்குப் போனோம். லாரிகளுக்கும் ஜீப்புகளுக்கும் அச்சு வேலை செய்கிற இடம். மேஸ்திரி அறுபது வயதுக்காரர். இத்தனை விலையுள்ள வண்டியைப் பார்த்து அவர் பயப்படவும் இல்லை. பிரமாதமாக மகிழவும் இல்லை. "ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றார். போய் எங்கே உட்கார்ந்தார் தெரியுமா? ஓட்டுகிற ஸீட்டில் அல்ல. பின்னால், பெரியம்மாவுக்குப் பக்கத்தில்!

"எப்பம்மா சத்தம் கேக்குது?" என்று அவளைத்தான் கேட்டார்.

"ஏறும்போது பேசாமல் வந்தது. இறங்கும்போதுதான் அழுதது" என்றாள் பெரியம்மா.

"அதாம்மா வேணும்" என்று மேஸ்திரி தலையை ஆட்டினார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏற்றத்தில் இஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. அப்போது கிரவுனிலும் பினியனிலும் பற்களின் ஒரு முகம் மட்டும் அழுந்தும். இறக்கத்தில் சக்கரம் இஞ்சினைத் தள்ளுகிறது; அப்போது மறு முகம் அழுந்தும். ஆகையால் எப்போது சத்தம் வருகிறது என்பதைக் கொண்டே உள்ளே எது கெட்டிருக்கிறது என்று பாதிக்குமேல் ஊகித்துவிடலாம். காலை எடுத்ததும், இறக்கத்திலும் ஓலமிட்டால், பெரும்பாலும் பினியனைத் தாங்குகிற பேரிங்குகள் தளர்ந்திருக்கும். சமவெளியில் மாசக்கணக்கில் ஓட்டினாலும் தெளிவாகத் தெரியாத வியாதியைப் போடிமெட்டு ஒரு மணி நேரத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் கிரவுன் வைத்தியம் தெரிந்தவர்கள் இருப்பதில் என்ன ஆச்சரியம்? நோயும் சோதனைச் சாலையும் வாசலிலேயே இருக்கின்றன.

சக்கரத்தின் பேரிங் கெட்டாலும் இப்படித்தான் ஓலமிடும். இரண்டையும் பிரித்துக் காணவும் மேஸ்திரி ஒரு வழி காட்டினார். நேர் சாலையில் வண்டியைக் கொஞ்சம் இடமும் வலமும் வளைத்து ஓட்டச் சொன்னார். வளைக்கும்போது சத்தம் மாறினால் சக்கரம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போது மாறினால் டிஃபரன்ஷியல்.

பட்டறைக்குத் திரும்பியதும் டயர்களைப் பார்த்தார். முன்னால் ஒரு கம்பெனி டயர், தேய்ந்தது. பின்னால் வேறொரு கம்பெனி, ஏறக்குறையப் புதிது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இது ஆகாது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அது அதிகத் தடவை சுற்றும். நேர் சாலையில் போனாலும், ஓயாமல் வளைவில் திரும்புவதாகவே வண்டியின் உறுப்புகள் நினைத்துக்கொண்டு ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். விற்றவர் இரண்டு புது டயர் போட்டுக்கொடுத்ததை அண்ணன் ஒரு சலுகை என்று நினைத்திருந்தார்!

பிறகு அடியில் படுத்து, எண்ணெயை இறக்கினார். அதன் நாற்றத்தை என்னவென்று சொல்வது? கந்தகமும் அழுகின முட்டையும் கலந்த மாதிரி. நாற்றம் குற்றமல்ல என்றார். பினியனைக் கிரவுனின் நடுவுக்குக் கீழே தள்ளி வைக்கும் 'ஹைபாய்டு' என்ற அமைப்பு, 1926-இல் அமெரிக்காவில் பாக்கார்டு மோட்டார்களில் வந்தது. அதனால் வண்டியின் தளத்தைத் தாழ்த்த முடிந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தேய்வது அதிகம். அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகத்தான் கந்தகச் சத்து சேர்த்த தனி எண்ணெய் வார்க்கிறார்கள். இஞ்சினுக்கு வார்க்கிற எண்ணெய் இதற்கு உதவாது.

குற்றம் வேறிடத்தில் இருந்தது. இருக்கவேண்டிய எண்ணெயில் பாதிதான் வந்தது. பினியன் முகப்பிலிருக்கும் ஸீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போயிருக்கிறது. வந்ததும் தார் மாதிரி வந்தது. அடி மூடியில் ஒரு காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் பயமில்லை. அது சாதாரணத் தேய்மானம். எங்கள் காந்தத்தில் மையோடு நாலைந்து இரும்புச் சிராய்களும் இருந்தன.

"இதை இப்படியே ஓட்டியிருந்தால்?" என்று அண்ணி கேட்டாள்.

மேஸ்திரி கொஞ்சம் தயங்கினார். "நாள்பட ஓட்டுனா பேரிங் உடையும்மா. பல்லுல துண்டு மாட்டுனா பின் சக்கரம் ரெண்டும் ஒரே நேரத்தில பூட்டிக்கலாம். ரோட்டுல பூட்டுனா பரவாயில்ல. வளைவுல பூட்டுனா..." என்று நிறுத்திக்கொண்டார். அண்ணி அதற்குமேல் கேட்கவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இதுபோன்ற வண்டிகள் பலவற்றில், டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்றவே வேண்டாம், ஆயுள் முழுவதும் போதும் என்று புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். யாருடைய ஆயுள் என்று அச்சிடவில்லை. முதல் சொந்தக்காரர் ஐந்தாறு வருஷத்தில் விற்றுவிடுகிறார்; அவரைப் பொறுத்தவரை ஆயுள் முடிந்தது. எண்ணெய் அப்படியே இரண்டாவது ஆளிடம் வந்து சேர்கிறது. "கம்பெனியிலேயே ஸர்வீஸ் ஆனது" என்று விற்றவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த ஸர்வீஸில் இந்த மூடியை யாரும் திறக்கவில்லை.

* * *

அண்ணன் சென்னைக்குப் போன் செய்து கம்பெனிப் பட்டறையில் விசாரித்தார். உள்ளே பிரித்துச் செய்வதில்லை, முழுசாக மாற்றுவதுதான் வழக்கம், நாலரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்று பதில் வந்தது. இருபது லட்சம் கொடுத்து வாங்கியவருக்கு நாலரை லட்சம்! வண்டி விலை குறைகிறதே தவிர, அதன் உறுப்புகளின் விலை குறைவதில்லை. எண்பது லட்ச ரூபாய் வண்டிக்குரிய விலையில்தான் அவை எட்டு வருஷம் கழித்தும் இருக்கின்றன. பழைய சொகுசு வண்டி வாங்குகிற குடும்பம் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

மேஸ்திரி பிரித்துப் பார்த்தார். கிரவுன் பற்களும் பினியன் பற்களும் நல்லபடியாக இருந்தன. "பல்லு போயிருந்தா ரெண்டையும் சேத்துத்தான் மாத்தணும். ஜோடி ஜோடியா இழைச்சு அனுப்புறாங்க. ஒண்ணோட இன்னொண்ணைப் பிரிச்சுப் போட்டா ஆயுசுக்கும் சண்டைதான்" என்றார். பேரிங்குகள் இரண்டும் ஸீல்களும் போதும். பேரிங் வளையத்தில் நம்பர் பொறித்திருந்தது. அதைக் குறித்துக்கொண்டு மதுரைக்கு ஆள் அனுப்பினார். இரண்டு நாள் ஆகும் என்றார்.

அந்த இரண்டு நாளும் பஸ்ஸில் சுற்றினோம். நிம்மதியாகவே இருந்தது. பள்ளத்தாக்கைப் பார்க்கப் பஸ்ஸைவிட நல்ல வாகனம் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் நெல்லும் வாழையும் தென்னையும், மறுபக்கம் மலை. இந்தப் பசுமைக்கெல்லாம் காரணம், மேற்கே ஓடிக் கடலில் கலக்க இருந்த பெரியாற்றை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய கர்னல் பென்னிகுயிக். 1895-இல் அணையின் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. லோயர் காம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பொங்கலின்போது அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் உண்டு.

கம்பத்தில் பந்தலில் தொங்கிய பன்னீர் திராட்சையை வாங்கிச் சாப்பிட்டோம். 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புளிப்பும் இனிப்பும் கலந்த கறுப்புப் பழம், கொட்டை உண்டு. கொட்டையில்லாத பழத்தில் இந்த வாசனை கிடையாது என்பது பெரியம்மாவின் தீர்ப்பு. போடியில் ஏலக்காய்க் கிடங்குகளைப் பார்த்தோம். ஏலம் இப்போது ஸ்பைசஸ் போர்டு மேற்பார்வையில் கம்ப்யூட்டர் மூலம் நடக்கிறது. ஆனால் காயைத் தரம் பிரிப்பது இன்னமும் பெரும்பாலும் பெண்களின் கைதான். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருத்த காய்க்குத் தனி மவுசு, தனி விலை. மேலே அதைப் பறிக்கவும் பெண்கள், கீழே பொறுக்கவும் பெண்கள். நடுவில் ஏறி இறங்குகிற ஜீப்புகள்.

மூன்றாம் நாள் பட்டறையில் கண்ட வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேஸ்திரி கிரவுன் பற்களில் மஞ்சள் வர்ணம் தடவினார். பினியனைக் கையால் நாலு சுற்றுச் சுற்றினார். பற்கள் உரசிய இடத்தில் மட்டும் மஞ்சள் கலைந்து தடம் விழுந்தது. அந்தத் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் வண்டி மறுபடி அழும். தலைமுடி கனமுள்ள தகடுகளை வைத்தும் எடுத்தும் நாலு தடவை மஞ்சள் பூசினார். ஐந்தாவது தடவை, "வந்துருச்சு" என்றார். பெரியம்மாவும் குனிந்து பார்த்து, "நடுவில்தான் விழுந்திருக்கிறது" என்று ஆமோதித்தாள்.

பினியன் நட்டை முடுக்குவது அதைவிடச் சிரமம். அதற்கு உள்ளே ஒரு சின்ன இரும்புக் குழல் இருக்கிறது. முடுக்க முடுக்க அது நசுங்கிப் பேரிங்குகளைச் சரியான இறுக்கத்தில் நிறுத்தும். கொஞ்சம் அதிகமானால் பேரிங் சூடேறிக் கருகும். குறைந்தால் பழைய ஓலம். அதிகமாக முடுக்கிவிட்டால் தளர்த்திச் சரிக்கட்டவும் முடியாது. அந்தக் குழலைத் தூர எறிந்துவிட்டு வேறு போட வேண்டும். மேஸ்திரி ஒவ்வொரு முடுக்குக்கும் பிறகு கருவியை மாட்டி அளந்தார். அந்த அரை மணி நேரம் பட்டறையில் யாரும் பேசவில்லை.

கூலி, பேரிங், ஸீல், எண்ணெய் எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது. டயர் நாலும் ஒரே இனமாக மாற்றிய செலவு தனி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி வாங்குகிற பேச்சு நடந்தால், நீங்களும் கூடப் போங்கள். பின் ஸீட்டில் உட்காருங்கள். பாட்டு வேண்டாம், ஏ.ஸி. வேண்டாம் என்று சொல்லுங்கள். அறுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவர் மிதிக்கட்டும், விடட்டும், நீங்கள் கேளுங்கள். பிறகு வெட்டவெளி மைதானத்தில் இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். இடித்தாலும் உதறினாலும் ஏதோ இருக்கிறது. நாலு டயரும் ஒரே ஜாதியா என்று பாருங்கள். டிஃபரன்ஷியல் எண்ணெயை எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்; இஞ்சின் எண்ணெயைப் பற்றிப் பதில் சொல்வார்கள், விடாதீர்கள். பட்டறையில் தூக்கி நிறுத்திக் கொஞ்சம் எண்ணெயை இறக்கிப் பார்க்க ஆகும் செலவு, அந்த வண்டிக்கு ஒரு நாள் டீசல் செலவுகூட இல்லை. சென்னை வண்டியானால் இன்னும் ஒரு எச்சரிக்கை: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் நின்றன. சூடாக இருந்த அச்சு தண்ணீரில் குளிரும்போது காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இறக்கின எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் பேரம் பேச வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

* * *

வண்டி கைக்கு வந்த மறுநாள் மேகமலைக்குப் போனோம். சின்னமனூரிலிருந்து பிரிகிற சாலை; தென்பழனியில் வனத்துறைச் சாவடி. 2021 முதல் புலிகள் காப்பகமாகிவிட்ட காடு, ஆகையால் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். இங்கே பதினெட்டு வளைவுகள். யாரோ ரசிகர் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தமிழ்ப் பூவின் பெயரை வைத்திருக்கிறார். பலகையில் எழுதியிருக்கும் பூவின் பெயரை அண்ணி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். மேலே தேயிலைத் தோட்டம், ஏரி, சொன்ன பெயருக்கு ஏற்ற மேகம்.

இறங்கும்போது வண்டியில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பதினெட்டு வளைவும் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். சாவடி தாண்டியதும், "பாட்டைப் போடு" என்றாள்.

புது பேரிங் படிய வேண்டும், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எண்ணெயை ஒரு தடவை இறக்கிக் காந்தத்தைப் பார்க்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். தேனியிலிருந்து சென்னை ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்.